ரேடியஸ் எலும்பு வலக்கைக்கு உரியதா, இடக்கைக்கு உரியதா? உதவி தேவை

கேள்வி (இயன்முறை மருத்துவ முதலாண்டு மாணவி):
வணக்கம். ரேடியஸ் எலும்பு முன்கையின் லேட்டரல் பக்கத்தில், அதாவது உடலின் நடுக்கோட்டிலிருந்து விலகிய பக்கத்தில் இருப்பதாகப் பாடம் சொல்கிறது. ஆனால் உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வைத்தால் கட்டைவிரல் உட்பக்கமாக அல்லவா வருகிறது? முன்கையின் மற்றோர் எலும்பான அல்னாவின் தலை மணிக்கட்டருகே இருக்க, ரேடியஸின் தலையை மட்டும் முழங்கைப் பக்கம் பிடிப்பது ஏன்? செய்முறைத் தேர்வில் தனி எலும்பைக் கொடுத்தால் எந்தக் கை என்று எப்படி உறுதி செய்வது?

மறுமொழி (உடற்கூறியல் ஆசிரியர்):
நிமிர்ந்து நின்று, முகமும் உள்ளங்கைகளும் முன்னோக்கியிருக்க, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்ட நிலையை வைத்தே திசைகள் அனைத்தும் குறிக்கப்படுகின்றன. கையைக் கவிழ்க்கும்போது ரேடியஸின் கீழ்முனை அல்னாவைக் குறுக்கே கடந்து உட்பக்கம் வந்தாலும், நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும், அது லேட்டரல் எலும்புதான். குழப்பத்துக்கு இடம் தரக்கூடாத குறிப்புகளில் ரேடியல் பக்கம், அல்னர் பக்கம் என்று எழுதுவதே நல்லது. தலை எப்போதும் மேல்முனையில்தான் இருக்கும் என்று கொள்ள வேண்டாம். ரேடியஸின் தட்டு வடிவத் தலை ப்ராக்ஸிமல் முனையில், அதாவது முழங்கைப் பக்க முனையில், மேற்கை எலும்பான ஹியூமரஸுடன் இணைகிறது, அல்னாவின் தலையோ டிஸ்டல் முனையில், அதாவது மணிக்கட்டுப் பக்க முனையில் உள்ளது. ஆகவே ரேடியஸின் தலையை மேலே பிடித்துக்கொண்டு, அகன்ற கீழ்முனையின் ஸ்டைலாய்டு என்னும் கூரிய முனைப்பு எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள்.

மறுமொழி (எலும்பியல் பயிற்சி மருத்துவர்):
ஆசிரியர் சொன்னதோடு முன்பின் திசையையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். அதை விட்டுவிட்டு ஸ்டைலாய்டை மட்டும் பார்த்தால், எலும்பைத் திருப்பிப் பிடித்த மாத்திரத்தில் இடக்கை எலும்பு வலக்கை எலும்பாகத் தெரியும். கீழ்முனையின் பின்புறத்தில் விரலுக்குத் தட்டுப்படும் லிஸ்டர் புடைப்பு உங்களை நோக்கியிருக்கட்டும். அந்நிலையில் ஸ்டைலாய்டு உங்கள் வலப்புறம் இருந்தால் அது வலக்கை எலும்பு. இரு எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வு ஒட்டும் கூரிய விளிம்பு அதற்கு எதிர்ப்புறம் அமைந்திருப்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேர்வாளர் பெரும்பாலும் காரணத்தைத்தான் கேட்பார்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, இப்போது சரியாக வருகிறது. கட்டைவிரல் லேட்டரல் பக்கத்தில் இருக்க, கால் பெருவிரலும் கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியாவும் மீடியல் பக்கத்தில், அதாவது நடுக்கோட்டை ஒட்டிய பக்கத்தில் அமைந்தது எதனால்?

மறுமொழி (உடற்கூறியல் ஆசிரியர்):
தொடக்கத்தில் கட்டைவிரலும் பெருவிரலும் கருவின் தலைப்பக்கமே அமைகின்றன. ஏறத்தாழ ஆறாம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் கை வெளிநோக்கி 90 பாகையும் கால் உள்நோக்கி 90 பாகையும் சுழல்கின்றன. முழங்கை பின்னோக்கியும் முழங்கால் முன்னோக்கியும் நிற்பதும், முழங்கையை நீட்டும் தசைகள் பின்புறத்திலும் முழங்காலை நீட்டும் தசைகள் முன்புறத்திலும் இருப்பதும் இச்சுழற்சியின் விளைவே. விரல்களை விரிப்பதையும் சேர்ப்பதையும் விவரிக்கையில் மட்டும் உடலின் நடுக்கோட்டை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். கையில் நடுவிரலும் காலில் இரண்டாம் விரலும் அதற்குரிய அச்சுகள்.