விட்டுப்போன எடைக் குறைப்பை மறுபடி தொடங்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எடைக் குறைப்பு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஆர்வம் வடிந்து நடைப்பயிற்சி நின்றது, குறைந்த எடையில் பாதி திரும்பி வந்துவிட்டது. இப்போது மறுபடி மனசு வந்திருக்கிறது. இந்த வேகம் போவதற்குள் கேட்டுவிடுகிறேன்.

எடை குறையும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. அதனால் மன உறுதியை மட்டும் நம்பி இறங்க எனக்கு விருப்பமில்லை.

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். நேராக 150 நிமிடத்துக்கே போகலாமா, தினம் 10 நிமிட நடையில் தொடங்கிக் கூட்டலாமா? அப்புறம், உணவையும் சேர்த்தே மாற்றுவதா, நடை பழகிய பிறகா?

என்னை அதிகம் உறுத்துவது எடை மெஷின்தான். உடலில் நீர் தங்குவதாலேயே எடை நாளுக்கு நாள் ஏறி இறங்கும் என்று தெரியும், ஆனாலும் கூடின எண்ணைப் பார்த்தால் அன்றைய நாளே சோர்ந்துவிடுகிறது. தினமும் பார்ப்பதா, வாரம் ஒருமுறையா, இடுப்பளவு மட்டும் போதுமா? இப்படி விட்டுத் தொடங்கியவர்கள், உங்களுக்கு எது உதவியது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.