உதவி: ஸ்டாக் மைனஸ்ல ஓடுது, ரொம்ப அவசரம்

பலகாரக்கடை_காரைக்குடி: வணக்கம். கைமுறுக்கு ஸ்டாக் −412ன்னு காட்டுது. போன வாரம் நல்லாத்தான் இருந்துச்சு, ரீஸ்டார்ட் பண்ணியும் போகல. 11ந்தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு ரிட்டர்ன்) போடணும், யாராச்சும் சொல்லுங்க.

புதுவயல்_அக்கவுண்ட்ஸ்: எந்த சாஃப்ட்வேர்? −412 கிலோவா பாக்கெட்டா? ஒண்ணுமே சொல்லாம எப்படிங்க.

மேகத்துல_கடை: பழைய கம்ப்யூட்டர்ல ஓட்டுனா இப்படித்தான். ஸ்டாக், பில்லு, கணக்கு மொத்தத்தையும் இன்டர்நெட்ல ஒரே சாஃப்ட்வேரா ஓடுற கிளவுட் ஈஆர்பிக்கு மாத்திருங்க.

மூத்த_நிரலாளர்: ரீஸ்டார்ட் பண்ணாராம்! கேள்வி கேக்கவும் ஒரு முறை இருக்கு தம்பி. டேட்டாபேஸ் இன்டெக்ஸ், அதான் தகவலத் தேடி எடுக்குற அட்டவணை, கரப்ட் ஆகியிருக்கும். 20 வருஷமா பாக்குறேன்.

பலகாரக்கடை_காரைக்குடி: மன்னிக்கணும், கல்யாண ஆர்டர் நடுவுல போன்ல அடிச்சேன். கவுண்டர்ல ஒரு பில்லிங் ஆப், வெப்சைட் ஆர்டருக்கு வேற ஒண்ணு, சிங்கப்பூர் பார்சலுக்கு எக்ஸெல், இந்த மூணையும் சாயங்காலம் ஒரு பொண்ணு உக்காந்து ஆடிட்டருக்காக டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல திரும்ப அடிக்குது. அப்பச்சி தனியா ஒரு நோட்டு வச்சிருக்காங்க, அது மட்டும் சரியா இருக்கு. ஐட்டம் லிஸ்ட் படம் போட்டிருக்கேன்.

புதுவயல்_அக்கவுண்ட்ஸ்: பாத்தேன். கைமுறுக்கு, கைமுறுக்கு 250, கை முருக்கு, கைச்சுத்து, முறுக்கு பழசு. ஒரே பலகாரத்துக்கு அஞ்சு பேரு! அடுப்படியிலேர்ந்து வர்றத கிலோவா ஒரு பேர்ல ஏத்துறீங்க, விக்கிறது கால்கிலோ பாக்கெட்டா இன்னொரு பேர்ல கழியுது, மைனஸ் வராம என்ன செய்யும். அதவிட 'முறுக்கு பழசு'ல இன்னும் 12% ஜிஎஸ்டி நிக்குது பாருங்க. பாக்கெட் காரத்துக்கு 2025 செப்டம்பர் 22லேயே 5% ஆயிருச்சு, நீங்க ஒரு இடத்துல மாத்திட்டு மத்தத விட்டுட்டீங்க. கூட வாங்குன வரிய கையில வச்சுக்க முடியாது, கட்டித்தான் ஆகணும், கிரெடிட் நோட் (பில் தொகையக் குறைக்கிற சீட்டு) போடலாமான்னு ஆடிட்டர்ட்ட கேளுங்க. ஜிஎஸ்டிஆர்-1க்கு விற்பனை பில்லுதான் வேணும், ஸ்டாக் எண்ணிக்கை கேக்காது, அதனால முதல்ல அதப் போட்டுருங்க. அப்புறம் ஒரு நாள் ராத்திரி கடைய சாத்திட்டு சரக்க கையால எண்ணி, ஒரு பலகாரத்துக்கு ஒரே பேரு வச்சு, 1 கிலோ = 4 பாக்கெட்னு ஆல்டர்னேட் யூனிட் (ரெண்டாவது அளவு) குடுங்க. புது சாஃப்ட்வேர் எதுவும் வாங்காதீங்க, இருக்கறதுல ஒண்ணக் குறைங்க.

ஆயாவீட்டு_அடுப்பு: குறைக்கிறேன்னு தேன்குழலையும் முறுக்கோட சேத்துராதீங்க.

மேகத்துல_கடை: ரெண்டும் அரிசி, உளுந்துதானே? ஒரே ஐட்டம் கோடு (code) போதும்.

ஆயாவீட்டு_அடுப்பு: கையால சுத்துறதும் அச்சுல பிழியிறதும் ஒண்ணா? அப்ப சீப்பு சீடையையும் சேத்துருவீங்களா? எங்க ஆயா காதுல விழுந்தா கரண்டியோட வந்துருவாக.

மேகத்துல_கடை: அட வரி ஒண்ணுதானேன்னு சொன்னேன்.

மூத்த_நிரலாளர்: இது சமையல் இழை இல்ல. இன்டெக்ஸ் பாத்தாச்சா இல்லையா?

கண்டனூர்க்காரன்: சார், அந்த டேட்டாபேஸ் ஆப்காரன் சர்வர்ல கெடக்கு, அவரு எங்க போய்ப் பாப்பாரு.

பலகாரக்கடை_காரைக்குடி: ரிட்டர்ன் போட்டாச்சு, புதுவயல் அண்ணனுக்கு நன்றி. 12% பில்லு 31 இருந்துச்சு. எண்ணி முடிச்சோம், நோட்டுக்கும் சரக்குக்கும் 3 பாக்கெட்தான் வித்தியாசம், அதையும் பசங்க தின்னுட்டதா அப்பச்சி சொல்றாங்க. ஒரு ஆப்ப நிறுத்திட்டோம்.

கண்டனூர்க்காரன்: எத நிறுத்துனீங்க? எங்க கடையிலயும் இதே கதைதான்.

கண்டனூர்க்காரன்: அண்ணே?