உணவுத் துறைக்காரர்களை நேரில் சந்தித்த அனுபவம் உண்டா? எழுதுங்கள்

தஞ்சை டீச்சர்:

வணக்கம். தஞ்சாவூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். இந்தத் தலைப்பை ஆரம்பிக்க ஒரு காரணம் இருக்கிறது.

2019 டிசம்பர் 25 அன்று மத்திய அரசு முதன்முதலாக நல்லாட்சிக் குறியீடு வெளியிட்டது. பெரிய மாநிலங்களில் தமிழ்நாடு 5.62 புள்ளியோடு முதலிடம். மகாராஷ்டிரமும் கர்நாடகமும் அடுத்து. விற்கிற உணவு சுத்தமாக, கலப்படமில்லாமல் இருக்க மாநிலங்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது மாநில உணவுப் பாதுகாப்புக் குறியீடு. 2021-22க்கான அந்தக் குறியீட்டிலும் 100க்கு 82 வாங்கி நாம்தான் முதலிடம். அடுத்த ஆண்டே 49க்கு இறங்கி மூன்றாவது இடம். கேரளம் 63 வாங்கி முன்னால் போனது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைத் திறந்தால் வேறு படம் தெரிகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட நம் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் இது 50.7. பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கு உடல் எடை அளவுக்கு மேல். முதலிடம் வாங்கிய மாநிலமும் இதுதான், சோகை பிடித்த குழந்தைகள் இருக்கும் மாநிலமும் இதுதான். இரண்டு எண்ணும் பொய்யில்லை. ஒன்று அரசு செய்கிற வேலையை அளக்கிறது, மற்றது உடம்பை அளக்கிறது. நடுவில் இருக்கும் சாப்பாட்டுத் தட்டை யார் அளக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. அதனால் தரவரிசையைப் பற்றிச் சண்டை போடாமல், உணவு பற்றிய அரசுத் திட்டங்கள் உங்கள் கடைக்கோ வீட்டுக்கோ பள்ளிக்கோ வந்தபோது என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

என் பங்குக்கு ஒன்று. எங்கள் பள்ளிக்கு நடமாடும் உணவுப் பகுப்பாய்வு வண்டி வந்தது. வந்த அலுவலர் பேச்சை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு பிள்ளைகள் கையிலேயே சாமானைக் கொடுத்துவிட்டார். ஈரமான வடிதாளில் தேயிலைத் தூளைத் தூவச் சொன்னார். நல்ல தூள் என்றால் சாயம் உடனே ஓடாது, கலர் ஏற்றிய தூள் தொட்டவுடன் பழுப்பாய்க் கோடு இழுக்கும். பாலில் ஒரு சொட்டு அயோடின் விட்டு நீலமாக மாறினால் மாவு கலந்திருக்கிறது. பெருங்காயத்தைக் கரண்டியில் வைத்துக் கொளுத்திக் காட்டினார். பிள்ளைகள் அன்று சாயங்காலமே வீட்டுத் தூளையெல்லாம் சோதித்துவிட்டார்கள். ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண் பஸ் ஸ்டாப் டீக்கடைத் தூளையும் கேட்டு வாங்கி வந்து சோதித்தாள். வடிதாள் முழுக்கச் சாயம். தாளை அப்படியே கொண்டுபோய் அந்தக் கடைக்காரரிடம் காட்டியிருக்கிறாள். அவருக்கே அதிர்ச்சி. வேறு வியாபாரியிடம் தூள் வாங்க ஆரம்பித்தார். அபராதம் இல்லை, வழக்கு இல்லை. இது எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது. ஆனால் அந்த ஸ்டாப்பில் டீ குடிக்கிற அத்தனை பேருக்கும் அன்றோடு ஒரு சாயம் குறைந்தது.

நெல்லை பஜ்ஜிக் கடை:

டீச்சர், வணக்கம். பாளையங்கோட்டை பக்கம் சாயங்காலக் கடை போட்டிருக்கேன். பஜ்ஜி, வடை, சுசியம்.

எங்க தொழில்ல வெளிய தெரியாத ஒரு விஷயம் இருக்கு. பெரிய ஹோட்டல்ல பொரிச்சு முடிச்ச எண்ணெய அவங்க கீழ ஊத்த மாட்டாங்க. டின்னுல அடைச்சு பாதி விலைக்குச் சின்னக் கடைக்குத் தள்ளிருவாங்க. அங்க பொரிச்சது இங்க ஒரு சுத்து பொரியும். அதுக்கும் கீழ ஒரு வண்டிக் கடைக்குப் போகும். கடைசில சாப்பிடுறவன் கூலி வேலை பாக்குறவன். எங்கிட்டயும் ஒரு ஹோட்டல் ஆளு மாசா மாசம் வந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு. வேண்டாம்னு சொன்னா, "அண்ணாச்சி, உங்களுக்குத்தான் நஷ்டம்"னு சிரிப்பாரு.

ஒரு நாள் உணவு பாதுகாப்பு அலுவலர் ஒரு அம்மா வந்தாங்க. நாங்க ஃபுட் இன்ஸ்பெக்டர்னுதான் சொல்லுவோம். பக்கத்துக் கடைக்காரரு அவசரமா சட்டிய மூடுனாரு. அந்தம்மா பேனா மாதிரி நீளமா, எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்குன்னு காட்டுற ஒரு மீட்டர எடுத்து என் சட்டில விட்டாங்க. நம்பர் வந்துச்சு. நூத்துக்கு இருபத்தஞ்சுக்கு மேல போனா அந்த எண்ணெய் கூடாது, 2018 ஜூலைலருந்து சட்டமே இருக்குன்னாங்க. எனக்கு அதுக்குள்ளதான் இருந்துச்சு. பக்கத்துக் கடைல தாண்டிருச்சு. சத்தம் போடுவாங்கன்னு நெனச்சேன். போடல. ரெண்டு பேரையும் நிறுத்தி வச்சு, எண்ணெய் கறுத்து நுரை தங்க ஆரம்பிச்சா அடையாளம், பழசோட புதுசு ஊத்திக் கலக்காதீங்க, மாவுத் துகளை அப்பப்ப ஜல்லிக்கரண்டியால அள்ளிருங்கன்னு சொன்னாங்க. பொறவு, பழைய எண்ணெய விலை கொடுத்து எடுத்துட்டுப் போய் பயோடீசல் பண்றவங்க இருக்காங்கன்னு அவங்க போன் நம்பரும் கொடுத்தாங்க.

இப்ப டின்னு நிறைஞ்சா வண்டி வந்து எடுத்துக்குது. காசு கைல கிடைக்கவும் பக்கத்துக் கடைக்காரரும் மாறிட்டாரு. பயமுறுத்திருந்தா அந்த ஒரு வாரம் மட்டும் ஒழுங்கா இருந்திருப்பாரு. அந்த ஹோட்டல் ஆளு இப்ப எங்க தெருவுக்கு வர்றதில்ல.

பணி ஓய்வு பெற்றவர், சேலம்:

அண்ணாச்சி சொன்னது முழுக்க உண்மை. உணவு பாதுகாப்புத் துறையில்தான் பல வருடம் இருந்தேன், அண்மையில்தான் ஓய்வு பெற்றேன். பழைய எண்ணெயை பயோடீசலுக்கு எடுக்கிற திட்டத்தின் உயிர்நாடியே அந்தச் சங்கிலியை அறுப்பதுதான். ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிறவர்கள் பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று பதிவேடு வைக்க வேண்டும். மேலே இருக்கிறவன் கணக்குக் காட்டினால்தான் கீழே இருக்கிற வண்டிக் கடைக்கு அது வராது.

டீச்சர் கேட்ட கேள்விக்கு என் அனுபவத்தில் ஒரு பதில். உணவுப் பாதுகாப்புக் குறியீட்டில் என்னென்ன பார்க்கிறார்கள் தெரியுமா? போதிய அலுவலர்கள் இருக்கிறார்களா, எத்தனை கடைக்கு லைசென்சும் பதிவும் கொடுத்தோம், எத்தனை சாம்பிள் எடுத்தோம், பரிசோதனைக் கூடங்கள் எப்படி இருக்கின்றன, எத்தனை பேருக்குப் பயிற்சி, மக்களிடம் என்ன விழிப்புணர்வு. இவை எல்லாமே வேண்டும். இந்தக் கணக்கைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் காலிப் பணியிடம் பற்றி மேலிடத்தில் பேச்சே எடுக்க முடிந்தது. நம்மிடம் கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை என்று ஆறு கூடங்கள் இருப்பது எத்தனை மாநிலங்களுக்குக் கனவு! சாம்பிளை நான்கு பங்காகப் பிரித்து, முத்திரை வைத்து அனுப்பினால், 14 நாளில் அறிக்கை வர வேண்டும். வழக்கு நிற்பதும் விழுவதும் அந்தத் தாளில்தான்.

ஆனால் நான் மறக்காத ஒரு சந்திப்பு அந்தக் கணக்கில் வெறும் "பதிவு: ஒன்று" என்று நிற்கிறது.

2024 பிப்ரவரியில் ரோடமின்-பி கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. ரோடமின்-பி துணிக்கும் தாளுக்கும் போடும் சாயம், வயிற்றுக்குள் போகவே கூடாதது. தடை வந்த வாரத்தில் ஒரு கோயில் திருவிழாவில் வடநாட்டிலிருந்து வந்த பையன் ஒருவன், இருபது வயது கூட இருக்காது, குச்சி நிறைய பாக்கெட்டோடு நின்றான். எங்களைப் பார்த்ததும் ஓடப் பார்த்தான். பிடித்து நிறுத்தி, சாயப் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தோம். பெயர் இல்லை, முகவரி இல்லை. யாரோ மொத்த வியாபாரி கொடுத்தது. அதை அவனே தினமும் தின்றுகொண்டிருந்தான்! கைவிரல்கூட ரோஸ் நிறம்.

சரக்கை அழித்தோம், அது கடமை. ஆனால் அந்தப் பையன் அங்கேயே உட்கார்ந்து, "நாளைக்கு நான் என்ன விற்பேன்?" என்று இந்தியில் கேட்டான். அலுவலகத்துக்கு வரச் சொல்லி, சிறு வியாபாரிக்கான பதிவை எடுத்துக் கொடுத்தோம். அப்போது கட்டணம் வருடத்துக்கு நூறு ரூபாய்தான். அனுமதிக்கப்பட்ட நிறம் எது, அதன் பாக்கெட்டில் 14 இலக்க லைசென்ஸ் எண் எங்கே இருக்கும், கிலோவுக்கு எவ்வளவுக்கு மேல் போடக் கூடாது என்று காட்டினோம். முதலில் வெள்ளையாகவே விற்றுப் பார் என்றேன். சில நாள் கழித்து வந்து, வெள்ளையைக் குழந்தைகள் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்றான். பிறகு அனுமதித்த நிறத்தை மிகக் கொஞ்சமாகப் போட்டு வெளிர் ரோஸில் விற்றான். அதற்கப்புறம் எந்தத் திருவிழாவில் என்னைப் பார்த்தாலும் அவனே பாக்கெட்டைக் கொண்டுவந்து எண்ணைக் காட்டுவான். எத்தனை ஆய்வு, எத்தனை அபராதம் என்று மட்டும் கேட்கிற மாத அறிக்கையில் இதை எழுத இடமில்லை. இடம் வேண்டும் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

பாலக்காட்டுத் தமிழன்:

கேரளம் முன்னால் போனது என்று டீச்சர் எழுதியிருந்தார். நாங்கள் அதற்கு ஒரு விலை கொடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு பள்ளி மாணவி இறந்துபோனாள். மாநிலமே கொதித்தது. அதன் பிறகுதான் சோதனைகள் கடுமையாயின. ஹோட்டல் தொழிலாளிக்கு ஹெல்த் கார்டு கட்டாயம், பார்சலில் எத்தனை மணிக்குச் சமைத்தது, எதற்குள் சாப்பிட வேண்டும் என்று ஸ்டிக்கர், பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை. தமிழ்நாட்டிலும் 2025 ஏப்ரலில் அந்தத் தடை வந்தது.

நான் ஒரு சின்ன மெஸ்ஸில் மாதக் கணக்கில் சாப்பிடுகிறேன். ஹெல்த் கார்டுக்காக டாக்டரிடம் போன சமையல்காரருக்கு அங்கேதான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. இப்போது அவர் மருந்து எடுத்துக்கொள்கிறார். எங்கள் குழம்பைச் சுத்தமாக்க வந்த விதி சமைக்கிறவர் உயிரையும் கவனித்தது. எனக்கு அது பெரிய விஷயம்.

காலை உணவு அக்கா, திண்டுக்கல் மாவட்டம்:

எல்லாரும் கடையப் பத்திச் சொன்னீங்க. நான் பள்ளிக்கூடத்துல காலைச் சாப்பாடு சமைக்கிறவ. 2022 செப்டம்பர்ல மதுரைல ஆரம்பிச்ச திட்டம், அடுத்த வருசம் எங்க ஊர் ஸ்கூலுக்கும் வந்துச்சு. மகளிர் குழுவுல இருக்கணும், நம்ம பிள்ளை அதே பள்ளிக்கூடத்துல படிக்கணும், அப்பத்தான் இந்த வேலை. எம் மக மூணாவது படிக்கிறா. அதனால உப்பு கூடுனா முதல்ல எனக்குத்தான் வீட்ல கேள்வி வரும்.

ஒரு பிள்ளைக்கு அம்பது கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்குப் பதினஞ்சு கிராம் பருப்பு, அப்பறம் காய். விடிய முன்னாடியே அடுப்பு பத்தவச்சிருவோம். எப்ப ஆரம்பிச்சோம், எப்ப முடிச்சோம், எத்தனை பிள்ளைக சாப்பிட்டுச்சுன்னு போன்ல ஆப்புல ஏத்தணும். டவர் கெடைக்காத நாள்ல மைதானத்துல நின்னு போனத் தூக்கிக்கிட்டு அலையணும். அது ஒரு பாடுதான். ஆனாலும் வேணும். அது இருக்கதுனாலதான் சாமான் வரலன்னா மேல உடனே தெரியுது.

ஆய்வுக்கு எத்தனையோ பேர் வந்திருக்காங்க. ஸ்டோர் ரூம் பாப்பாங்க, நோட்டுல கையெழுத்துப் போடுவாங்க, போயிருவாங்க. ஒரே ஒரு மேடம் மட்டும் பிள்ளைகளோட தரையில உக்காந்து சாப்பிட்டுட்டு, கைகழுவுற எடத்துக்கு வந்து, "பிள்ளைங்க தட்டுல என்ன மிச்சம் வைக்குதுங்க?"ன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் அத எங்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல. சொன்னேன். அரிசி உப்புமா அன்னைக்குப் பாதித் தட்டு அப்படியே திரும்பும், பொங்கல் சாம்பாருன்னா ரெண்டாவது தடவ கேட்டு வாங்கும், கேரட்டக் கண்ணுல பாத்தா எடுத்து ஓரத்துல வைக்கும், பூசணியோட சேத்து நல்லா மசிச்சு சாம்பார்ல விட்டா தெரியாமத் தின்னுரும். மேடம் அத்தனையும் எழுதிக்கிட்டாங்க. 2025ல அரிசி உப்புமாவ எடுத்துட்டு பொங்கல் சாம்பார் தர்றதா அறிவிப்பு வந்துச்சு. நான் சொன்னதுனாலன்னு சொல்ல மாட்டேன். எங்கள மாதிரி எத்தனையோ பேர் சொல்லிருப்பாங்க. ஆனா கேட்டா மாறும்கிறது எனக்கு உறுதியாச்சு.

டீச்சர், நீங்க ரத்தசோகைன்னு எழுதினதப் படிச்சேன். எங்க பள்ளிக்கூடத்து வேலியோரம் முருங்க மரம் நிக்குது. ஹெட்மாஸ்டர் சொல்லி, வாரத்துல முடியுறப்ப சாம்பார்ல கீரையப் போடுறேன். முதல்ல பிள்ளைக மூஞ்சியச் சுளிச்சுச்சு. இப்ப பழகிருச்சு.

தஞ்சை டீச்சர்:

அக்கா, அந்த மேடம் கேட்ட கேள்வி ஒன்று போதும். நல்லாட்சிக் குறியீட்டின் சுகாதாரப் பகுதியில் சிசு மரணம், பேறுகால மரணம், தடுப்பூசி, ஆரம்ப சுகாதார நிலையம் என்றெல்லாம் பார்க்கிறார்கள். அவசியமானவைதான். அதோடு ஒவ்வொரு பள்ளியிலும் கைகழுவும் இடத்தில் தட்டில் என்ன மிஞ்சியது என்று எழுதினால், செலவே இல்லாமல் ஒரு அளவுகோல் கிடைக்கும். எங்கள் பள்ளிச் சத்துணவில் அடுத்த மாதம் என் மாணவிகளை வைத்து இதைக் குறிக்கப் போகிறேன். தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். முருங்கைக்கீரையை எந்த நேரத்தில் சாம்பாரில் போடுகிறீர்கள், கசக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

காலை உணவு அக்கா, திண்டுக்கல் மாவட்டம்:

எறக்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போடுங்க டீச்சர். இளங்கீரையா உருவி, பொடிசா நறுக்கி, பருப்போட ஒரு கொதி விட்டாப் போதும். மூடி வைக்காதீங்க. முத்துன கீரைன்னா கசக்கும்.

நெல்லை பஜ்ஜிக் கடை:

சேலம் சாருக்கு ஒரு கேள்வி. பேப்பர்ல வச்சுக் கொடுக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லிட்டுப் போனாங்க. மை ஒட்டும்னு எனக்கும் தெரியுது. ஆனா எண்ணெயப் பிழிய பேப்பர் கொடுங்கன்னு வாடிக்கைக்காரங்களே கேட்குறாங்க. என்ன பண்ண?

பணி ஓய்வு பெற்றவர், சேலம்:

கொடுக்காதீர்கள் அண்ணாச்சி. சூடும் எண்ணெயும் சேர்ந்தால் அச்சு மை பண்டத்தில் இறங்கும். சட்டியிலிருந்து எடுத்ததும் கம்பித் தட்டில் கொஞ்ச நேரம் வடிய விடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கொடுப்பதற்கு வாழை இலைத் துண்டு, இல்லையென்றால் மந்தார இலை. எதுவும் கிடைக்காத நாளில் அச்சடிக்காத வெள்ளை டிஷ்யூ தாள். உங்கள் ஊரில் வாழை இலைக்கா பஞ்சம்? காய்கறி மார்க்கெட்டில் கிழிசல் இலையைக் கட்டாகக் கேளுங்கள், விலை குறையும்.