தக்காளி இலை ஜெல்லில் 17-18 கிலோ டால்ட்டன் பக்கம் தடித்த பேண்ட்: பிஆர்-1 தானா?

ஜெல்ராத்திரி (மதுரை):
எம்.எஸ்சி கடைசி செமஸ்டர் புராஜெக்ட். இலைச்சுருள் நோய் வந்த தக்காளியில் எந்தப் புரோட்டீன் கூடுது, எது குறையுதுன்னு பார்க்கணும். வாடிப்பட்டி பக்கம் ஒரு வயல், பிகேஎம்-1 ரகம். சுருண்ட இலையும், அதே வயலில் நல்லா இருந்த செடியின் இலையும் பறிச்சு, ஐஸ் டப்பாவில் பஸ்ஸில் கொண்டுவந்தேன். கல்வத்தில் அரைச்சா சாறு அஞ்சு நிமிஷத்தில் கடுங்காப்பி நிறம். புரோட்டீனை அளவு வாரியாப் பிரிக்கிற 12% எஸ்டிஎஸ் ஜெல்லில் லேன் முழுக்க இழுவல். 55 கிலோ டால்ட்டன் (புரோட்டீன் எடை அளவு) பக்கம் பூதம் மாதிரி ஒரு பேண்ட். நோய் லேனில் மட்டும் 17-18 பக்கம் தடிப்பா ஒண்ணு. பிஆர்-1 கிட்டத்தட்ட அந்த அளவுதானே, செடியோட எதிர்ப்புப் புரோட்டீன்னு எழுதிடலாமா? சுருள் வைரஸோட உறைப் புரோட்டீன் 30 பக்கம் வரணும், அங்கே வெறிச்சோடிக் கிடக்கு. அடுத்த வாரம் ரிவியூ.

பழைய லேப்காரர்:
எழுதிடாதீங்கம்மா, பொறுங்க. அந்தக் காப்பி நிறம் பீனால் செய்யற வேலை. இலையைத் திரவ நைட்ரஜனில் பொடிச்சு, பீனாலை அடக்க பிவிபிபி, மெர்காப்டோ எத்தனால் போட்டு, டிசிஏ-அசிட்டோனில் வீழ்படிவாக்குங்க. பச்சை போய்ப் பொடி வெளுக்கிறவரை குளிர் அசிட்டோனில் கழுவணும். அவசரப்பட்டா இழுவல் திரும்ப வரும்.

55 பூதம், ஒளிச்சேர்க்கை நொதியான ரூபிஸ்கோவின் பெரிய துணை அலகு. இலையில் கரையும் புரோட்டீனில் பாதிகூட அதுவா இருக்கும், பக்கத்தில் இருக்கிறதை எல்லாம் மறைச்சிடும். நோயில் அதுவே குறையலாம். அதனால் இலை எடையை வச்சு லோட் பண்ணாதீங்க, புரோட்டீனை அளந்து சமமா ஏத்துங்க. எஸ்டிஎஸ் இருக்கிற சாறில் புரோட்டீன் அளக்கற பிராட்ஃபோர்டு முறை பொய் சொல்லும், அதுக்கு பிசிஏ முறையில் பாருங்க.

30-ல் ஒண்ணும் இல்லாதது எனக்கு ஆச்சரியமே இல்லை. வெள்ளை ஈ கொண்டுவர்ற இந்த வைரஸ் புளோயத்தை (இலையில் செஞ்ச உணவைக் கடத்தற திசு) விட்டுப் பெரும்பாலும் வெளியே வராது. முழு இலையில் அது ஒரு சிட்டிகை, கூமாசி சாயத்துக்குத் தெரியாது. என்னை உறுத்தறது அந்த 17-18 தான். இலையில் தேமலும் இருந்துச்சா? செடியைத் தொட்டது யாரு?

ஜெல்ராத்திரி:
சில இலையில் இளம்பச்சை, கரும்பச்சைத் திட்டு இருந்துச்சு. அதையும் சுருள்னே நினைச்சுட்டேன். கொடி கட்டற அண்ணன் காதில் எப்பவும் ஒரு பீடி இருக்கும்...

பழைய லேப்காரர்:
சரியாப் போச்சு! புகையிலைத் தேமல் வைரஸ் பீடித்தூளில் இருந்து கை வழியாவே செடிக்குப் போகும். அதோட உறைப் புரோட்டீன் 158 அமினோ அமிலம், 17.5 கிலோ டால்ட்டன். செல்லுக்குள் அவ்வளவு குவியும், கூமாசியிலேயே தெரியும். பிஆர்-1-ம் அந்தப் பக்கத்திலேயே ஓடறதால் கண்ணால் பிரிக்க முடியாது. நிக்கோட்டியானா குளுட்டினோசா (புகையிலை இனம்) செடி கிடைச்சா, இலையில் லேசாக் கீறல் போடற கார்போரண்டம் தூள் தூவி, உங்க இலைச் சாறைத் தேய்ங்க. அதன் என் புரோட்டீன், வைரஸின் பெருக்கப் புரோட்டீனை அடையாளம் கண்டு அந்தச் செல்லையே சாகடிச்சிடும். தேமல் வைரஸ் இருந்தா இலையில் பொட்டுப் பொட்டா காஞ்சு நிக்கும்.

இன்னொண்ணு. ‘நல்ல செடி’யும் அதே வயல்தானே? ஈ கடிச்சு, அறிகுறி தெரியறதுக்கு ரெண்டு வாரம்கூட ஆகலாம். அதையும் சுருள் வைரஸுக்கு பிசிஆர் பாருங்க.

சோழவந்தான் தோட்டக்காரன்:
புரோட்டீன் எல்லாம் எனக்குப் புரியலை. பீடி மேட்டர் நிசமா? என் ஆளு பீடி இல்லாம நாத்தே நட மாட்டான்.

பழைய லேப்காரர்:
நிசம்ண்ணே. பீடியை வரப்போட நிறுத்தச் சொல்லி, செடியைத் தொடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவ வைங்க. சுருளுக்கு அது உதவாது, நாற்றங்காலுக்கு நைலான் வலைதான்.

ஜெல்ராத்திரி (9 நாள் கழிச்சு):
மூணாம் நாள் காலையில் பார்த்தா, நோய் இலைச் சாறு தேய்ச்ச இலை முழுக்கப் பழுப்புப் பொட்டு. ‘நல்ல’ சாறு தேய்ச்ச இலை சுத்தம். ஆனா அந்த ‘நல்ல’ செடி பிசிஆரில் சுருள் வைரஸுக்குப் பாசிட்டிவ்! ஜெல் இப்ப இழுவல் இல்லாம வந்திருக்கு. 17-18 பேண்டை வெட்டி, என்ன புரோட்டீன்னு கண்டுபிடிக்க மாஸ் ஸ்பெக்குக்கு அனுப்பறேன். உள்ளே பிஆர்-1-ம் ஒளிஞ்சிருக்கலாமே. வலைக்குள் புதுசா விதை போட்டாச்சு. ரிவியூவில் ‘எதிர்ப்புப் புரோட்டீன்’ ஸ்லைடைத் தூக்கிட்டேன், கைடு ஏன்னு கேட்டப்ப பீடியைச் சொன்னேன். சிரிச்சாரு, ஒரு மாசம் டைம் கொடுத்தாரு.