ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லித்தர அரசியலும் கணக்கும் எதற்கு? டெக்சஸில் படித்தவர்கள் எழுதுங்கள்

ஃப்ரிஸ்கோவிலிருந்து:

வணக்கம். மிடில் ஸ்கூல் இங்கிலீஷ் டீச்சராக ஆசைப்பட்டு, போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் விசாரித்தார்கள். மூவரும் தயங்கி நின்றது ஒரே இடத்தில்தான். "இங்கிலீஷ் சொல்லித்தரத்தானே போறேன், எதுக்கு கவர்ன்மென்ட், ஹிஸ்டரி, லேப் சயின்ஸ் எல்லாம்?" என்கிறார்கள். படித்து முடித்தவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும் இங்கே உங்கள் அனுபவத்தை எழுதினால் பலருக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை இங்கிலீஷும் வாசிப்பும் கற்பிக்கும் டிகிரிக்கு ஏறக்குறைய 120 கிரெடிட் ஹவர் ஆகும் (ஒரு பாடம் பெரும்பாலும் 3 ஹவர்). அதில் 42 ஹவர் எல்லா மேஜருக்கும் பொதுவான கோர் பாடங்கள். டெக்சஸின் அரசுக் கல்லூரி எதில் சேர்ந்தாலும் இந்த 42 மாறாது. எழுத்தும் பேச்சும் 6, கணக்கு 3, அறிவியல் 6, மொழி அல்லது தத்துவம் 3, கலை 3, அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6, உளவியல் போன்ற சமூக அறிவியல் 3, மீதி 6 கல்லூரியே வகுத்துக்கொள்வது. வரலாறும் அரசியலும் மாநிலச் சட்டத்திலேயே இருக்கின்றன. அவற்றைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அட்வைசரிடம் மன்றாடிப் பயனில்லை.

நான் தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தவள். மூன்று வருடப் படிப்பு என்பதால், வெளிநாட்டுப் பட்டங்களை இங்குள்ளவற்றோடு ஒப்பிடும் மதிப்பீட்டில் அது இங்குள்ள இளங்கலைக்குச் சமமாக வரவில்லை. அறிவியலும் கணக்கும் கிரெடிட்டாகக் கிடைத்தன, அங்கே படித்த இங்கிலீஷ் கிடைக்கவில்லை. ஆகவே 38 வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, கட்டுரை எழுதப் பழக்கும் முதலாண்டுப் பாடமான இங்கிலீஷ் 1301 வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

முதல் கட்டுரை பள்ளிச் சீருடை பற்றி. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஊரில் பழகிய ஒழுங்கில் நான்கு பக்கம் எழுதினேன். சீருடையால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு என்று முடித்தேன். மதிப்பெண் 'சி'. பேராசிரியையைப் பார்க்கப் போனேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முதல் பத்தியை மூடினார். "இது இல்லாவிட்டால் கட்டுரையில் ஏதாவது குறையுமா?" என்றார். யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன். தாளைக் கீழே இறக்கி அடுத்த பத்தியையும் மூடினார். மறுபடியும் அதே கேள்வி. அப்படியே இரண்டாம் பக்கத்தின் நடுவுக்கு வந்துவிட்டோம். அங்கே ஒரு வரி இருந்தது. பச்சை ரிப்பன் கிடைக்காமல் கறுப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு போன என் தங்கையை வகுப்பு வாசலிலேயே நிறுத்தி வைத்த கதை. தாளை எடுத்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்தார். "உங்கள் கட்டுரை இங்கேதான் தொடங்குகிறது."

இப்போது ஆறாம் வகுப்பில் என் பிள்ளைகளிடமும் ஆளுக்கொரு வெள்ளைத் தாள் உண்டு. கட்டுரை எழுதியதும் அவர்களே மேலிருந்து மூடி மூடிப் பார்க்கிறார்கள். கற்பித்தல் முறை பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்தேன். எழுதக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று நான் கற்றது கோர் பாடமான அந்த 1301-இல்தான்.

ஹியூஸ்டன் பக்கம், கேட்டியிலிருந்து:

அக்கா, ரிப்பன் கதையைப் படிச்சதும் நானும் எழுதணும்னு தோணுச்சு. முதல்ல நான் ஏமாந்த இடத்தைச் சொல்லிடறேன், வேற யாரும் அதே குழியில விழக் கூடாது.

கம்யூனிட்டி காலேஜ்ல கோர் பாடம் 39 ஹவர் முடிச்சிருந்தேன். பாக்கி ஒரே ஒரு ஸ்பீச் கிளாஸ். "அதை யுனிவர்சிட்டிக்குப் போய் எடுத்துக்கலாம்"னு அங்க ஒரு அட்வைசர் சொன்னாங்க, நானும் நம்பிப் போயிட்டேன். 42-ஐயும் ஒரே இடத்துல முடிச்சு, டிரான்ஸ்கிரிப்ட்ல 'கோர் கம்ப்ளீட்'னு வந்துட்டா, இன்னொரு அரசு யுனிவர்சிட்டி அதை மொத்தமா அப்படியே ஏத்துக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஒவ்வொரு பாடமா எடுத்துப் பார்ப்பாங்க. எனக்கு ரெண்டு பாடம் கோர்ல சேராம எலெக்டிவ்ல, அதாவது விருப்பப் பாடக் கணக்குல, போய் விழுந்துடுச்சு. ஸ்பீச்சோட சேர்த்து இன்னும் 9 ஹவர். ஒரு செமஸ்டர் முழுக்கப் பணம், நேரம், குழந்தையைப் பார்த்துக்க ஆள். 'கோர் கம்ப்ளீட்'ங்கிற அந்த வார்த்தை எழுத்துல வர்ற வரைக்கும் தயவு செஞ்சு காலேஜ் மாறாதீங்க. டிகிரி பிளானையும் வாய் வார்த்தையா விடாம எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க.

இன்னொண்ணு. டெக்சஸ் அரசுக் காலேஜ்கள்ல இளங்கலை முடியறதுக்குள்ள மொத்தமா ஆறு பாடம்தான் பாதியில டிராப் பண்ணலாம். கஷ்டமா இருக்குன்னு முதல் வருஷத்துலயே வரிசையா டிராப் பண்ணிட்டா பின்னாடி கை கட்டிப்போயிடும்.

இப்ப கணக்கு. என் பிளான்ல டீச்சர்களுக்கான கணக்கு, மேத் 1350, இருந்துச்சு. இது எல்லா யுனிவர்சிட்டியிலயும் இருக்காது, உங்க பிளானைப் பாருங்க. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன், இது ஒண்ணுமே இல்லைன்னு நினைச்சுத்தான் போனேன். அந்த சார் ஐந்தடி எண்ணுல, அதாவது பத்துபத்தா இல்லாம அஞ்சஞ்சா சேர்த்து எண்ணுற முறையில, ஒரு கழித்தல் போட்டார். 32-ல இருந்து 14-ஐக் கழிக்கணும். கை தானா 18-ன்னு எழுதிடுச்சு. தப்பு. ஐந்தடியில விடை 13. "பக்கத்து இலக்கத்துல ஒண்ணு கடன் வாங்கணும்"னு சொன்னேன். "கடனா எவ்வளவு வருது?"ன்னு கேட்டார். பத்துன்னு சொல்ல வாய் வந்துடுச்சு. வர்றது ஐந்துதான். கோல்களைக் கையில குடுத்து, அஞ்சஞ்சா கட்டிப் பிரிக்கச் சொன்னார். ரெண்டு வாரம் ஒவ்வொரு கணக்கையும் விரல் விட்டு எண்ணித்தான் போட்டேன். பக்கத்துல எல்லாரும் அடுத்த கணக்குக்குப் போயிட்டிருப்பாங்க, நான் முதல் இலக்கத்துலயே நிப்பேன்.

இன்னைக்கு என் வகுப்புல ஹோண்டுராஸ்ல இருந்து வந்த ஒரு பெண் குழந்தை இருக்கா. ஸ்பானிஷ்ல கடகடன்னு படிக்கிறா, இங்கிலீஷ் வரியில மட்டும் விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தா நகர்றா. அவளுக்குத் தெரியாம இல்ல, அடி மாறியிருக்கு, அவ்வளவுதான். அந்த ரெண்டு வாரம் இல்லாம இருந்திருந்தா அவ முன்னாடி நான் பொறுமை இழந்திருப்பேன்னு எனக்கே தெரியும்.

சான் அந்தோனியோவிலிருந்து:

நான் வரலாற்றைப் பற்றி எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பில் ஸ்டூடன்ட் டீச்சிங், அதாவது படிக்கும்போதே பள்ளியில் கற்பித்துப் பழகும் பயிற்சி. பாடம், அடிமையாகப் பிறந்து தப்பித்து எழுத்தாளரான பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தன்வரலாற்றிலிருந்து ஒரு பகுதி. பால்டிமோரில் எஜமானி அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறார், கணவர் அதைத் தடுத்துவிடுகிறார். பிறகு தெருவில் விளையாடும் வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்து, அவர்களிடம் படிக்கக் கற்றுக்கொள்கிறார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "படிக்கச் சொல்லிக்குடுத்தா அவங்களுக்கு என்ன நஷ்டம்?" அருஞ்சொல், உவமை, கதையின் தொனி எல்லாவற்றுக்கும் என் பாடத்திட்டத்தில் குறிப்பு இருந்தது. இந்தக் கேள்விக்கு இல்லை.

பதில் இருந்தது, கோரில் படித்த அமெரிக்க வரலாற்றுப் பாடமான ஹிஸ்டரி 1301 நோட்டில். 1831-இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். டர்னர் படிக்கத் தெரிந்தவர். அதன்பின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதற்கு எதிரான சட்டங்கள் இறுகின. அதைச் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. கேட்ட பையன், "அப்படின்னா எழுத்துன்னா அவங்களுக்குப் பயம்" என்றான். அதைப் பலகையில் எழுதச் சொன்னேன். அன்றைய பாடம் அந்த ஒரு வரியிலிருந்து நடந்தது.

என் பாட்டி கைநாட்டு. ரேஷன் கடையில் மை தொட்ட கட்டைவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். பாட்டிக்கு எழுத்து யாரால் மறுக்கப்பட்டது என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. சான் அந்தோனியோவில் ஒரு கோர் பாடத்தின் மூன்றாம் வாரத்தில்தான் அந்தக் கேள்வி எனக்கு வந்தது. மற்றவர்களுக்கு இது 3 ஹவர் கிரெடிட்டாகத் தெரியலாம், எனக்கு அப்படி இல்லை.

இந்த ஊர்ப் பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் டெக்சஸ் வரலாறு படிக்கிறார்கள், எட்டாம் வகுப்பில் 1877 வரையிலான அமெரிக்க வரலாறு. வரலாற்று 6 ஹவரில் ஒரு பாடத்தை டெக்சஸ் வரலாறாகவும் எடுத்துக்கொள்ளலாம். மிடில் ஸ்கூலுக்குப் போகிறவர்கள் அதை எடுங்கள் என்பேன். 1865 ஜூன் 19 அன்று டெக்சஸின் கால்வெஸ்டனில் அடிமைகளின் விடுதலை அறிவிக்கப்பட்டதைத் தெரியாமல் இங்கே ஒரு ஜூன் மாதத்தைக் கூடக் கடக்க முடியாது.

ஆஸ்டின், ரவுண்ட் ராக்கிலிருந்து:

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ், பிழை இருந்தால் மன்னிக்கவும். ஹைஸ்கூலிலேயே டூயல் கிரெடிட்டில், அதாவது பள்ளிக்கும் காலேஜுக்கும் சேர்த்துக் கணக்காகும் பாடங்களில், 24 ஹவர் முடித்தேன். பணம் மிச்சம், உண்மைதான். ஆனால் பதினாறு வயதில் வாங்கிய 'சி' இன்னும் என் காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் இருக்கிறது. டீச்சர் பயிற்சியில் சேர மதிப்பெண் சராசரி, அதாவது ஜி.பி.ஏ., 2.5 வேண்டும், அப்போதுதான் அதன் கனம் தெரிந்தது. உங்கள் பிள்ளைகளை டூயல் கிரெடிட்டில் சேர்க்கும் அம்மாக்கள் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

டெக்சஸ் கவர்ன்மென்ட், 2306, பற்றி ஒன்று. பள்ளி போர்டு கூட்டத்துக்கு நேரில் போய் அறிக்கை எழுதச் சொன்னார்கள். ஒரு பாட்டி மைக்கில் மூன்று நிமிடம் பேசினார், பேரனின் பள்ளி லைப்ரரியைப் பற்றி. மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, "நன்றி" சொல்லி உட்கார்ந்தார். வகுப்பில் நான் எதைக் கற்பிக்க வேண்டும் என்ற பாடத்தரத்தை வகுப்பது தேர்தலில் வென்று வரும் 15 பேர் கொண்ட மாநிலக் கல்வி வாரியம் என்பதும் அந்தப் பாடத்தில்தான் தெரிந்தது. அதுவரை நான் ஓட்டுச் சீட்டில் அந்த வரிசையைக் காலியாக விட்டிருந்தேன்.

மீண்டும் ஃப்ரிஸ்கோவிலிருந்து:

எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பாட்டியின் கட்டைவிரலைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

தனிச் செய்தியில் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "நான் நாலு வருஷ பி.இ. முடிச்சிருக்கேன், எனக்கும் இந்த 42 ஹவர் உண்டா?" இல்லைம்மா. உங்கள் படிப்பு இங்குள்ள இளங்கலைக்குச் சமம் என்று மதிப்பீட்டில் வந்துவிட்டால் கோர் பாடம் வேண்டாம். பட்டம் பெற்றவர்களுக்கான சான்றிதழ்ப் பயிற்சியில் நேராகச் சேரலாம். பாடத் தேர்வும் கற்பித்தல் தேர்வும் எல்லோருக்கும் உண்டு. இங்கிலீஷ் எடுப்பவர்களுக்கு 2021 முதல் வாசிப்பு கற்பித்தலுக்கென்றே தனியாக ஒரு தேர்வும் சேர்ந்திருக்கிறது, அதற்கு நேரம் ஒதுக்குங்கள். நேராகச் சேர்ந்தாலும், கையில் காசும் ஒரு செமஸ்டரும் இருந்தால், கம்யூனிட்டி காலேஜில் 1301 இங்கிலீஷும் 1301 ஹிஸ்டரியும் மட்டும் உட்கார்ந்து படித்துவிட்டு வகுப்பறைக்குள் போங்கள். இதை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், நான் சொல்கிறேன்.

மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது மொத்தப் பட்டத்துக்கு மட்டும் கேட்காமல் பாடவாரியாகக் கேளுங்கள். மார்க் ஷீட் நகல் போதாது, பல்கலைக்கழகமே ஒட்டி முத்திரை வைத்துத் தரும் உறையைப் பல இடங்களில் கேட்பார்கள். ஊருக்குப் போகும்போது இரண்டு உறையாக வாங்கி வந்துவிடுங்கள். ஒன்றையும் பிரித்துவிடாதீர்கள்.