புஹோல்ஸின் ஹோம் ரன் வலு: பாதத்தில் போனதா, கண்ணில் போனதா?

செங்குருவி:
நேற்று இன்னொரு இழையில் ஒருவர் "வயசாச்சு, அவ்வளவுதான்" என்று பேஸ்பால் நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸின் வலு குறைந்த கதையை ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை, அதனால் தனி இழை. வயது எல்லோருக்கும்தான் ஆகிறது. அது உடம்பில் எந்த இடத்தைப் பிடித்தது என்பதல்லவா கேள்வி?

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் 2001 முதல் 2011 வரை 11 சீசன், 445 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடி). ஒரு வருஷம்கூட 32க்குக் கீழே இறங்கவில்லை. 2006ல் 49. அப்புறம் 10 வருஷத்துக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஆனஹைமில் ஆடும் ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனார். 2012 முதல் 2019 வரை வரிசையாக எண்ணினால் 30, 17, 28, 40, 31, 23, 19, 23. 2006ல் 11 அட்-பேட்டுக்கு (பேட் பிடித்து அடிக்க நின்ற முறைக்கு) ஒரு ஹோம் ரன் அடித்தவர், 2017ல் 26 அட்-பேட்டுக்கு ஒன்று என்று வந்து நின்றார்.

என் கட்சி இதுதான்: போனது பாதம். 2013ல் இடது குதிகால் தசைநார் கிழிந்து 99 ஆட்டத்தோடு சீசன் முடிந்தது. 2015 நவம்பரில் வலது பாதத்தில் அறுவை சிகிச்சை. 2016 டிசம்பரில் அதே வலது பாதத்தில் மறுபடியும். அடுத்து வந்த 2017தான் அவர் வாழ்க்கையின் மிக மோசமான முழு சீசன். 2009ல் 16 பேஸ் திருடியவர் (பந்து வீசப்படும் நேரத்தில் அடுத்த முனைக்கு ஓடிவிடுவது), மேஜர் லீகிலேயே மிக மெதுவாக ஓடுபவர்களில் ஒருவராகிப்போனார். தரையை ஊன்ற முடியாதவன் பந்தை எப்படி வேலிக்கு அப்பால் அனுப்புவான்?

ஆனஹைம்வாசி:
பாதம் கெட்டது உண்மை. ஆனால் நீங்கள் தேதியைச் சரியாகப் பார்க்கவில்லை.

2010ல் அவருக்குக் கிடைத்த வாக் (வெளியே போகும் நாலு பந்தை விட்டுவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) 103. 2011ல் 61. 2012ல் 52. நீங்கள் சொல்லும் 2013 காயத்துக்கு இரண்டு வருஷம் முன்பே, செயின்ட் லூயிஸில் இருக்கும்போதே இது ஆரம்பித்துவிட்டது. வெளியே போகும் பந்தை விட்டுவிடும் பொறுமை போய்விட்டது. ஹோம் ரன் அடிப்பவனுக்கு வலுவைவிட முக்கியம், எந்தப் பந்தை அடிக்கக் கூடாது என்ற தெளிவு. அது போனால் பிட்சர் (பந்து வீசுபவன்) நல்ல பந்தே போடமாட்டான்.

நான் ஏஞ்சல் ஸ்டேடியத்தில் மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்து பல வருஷம் பார்த்தவன். திரும்பத் திரும்ப ஒரே காட்சி. வலது கை பிட்சர் வெளிப்பக்கம் வளைந்து போகும் ஸ்லைடர் போடுவான். புஹோல்ஸ் சீக்கிரமே பேட்டைக் கொண்டுவந்துவிடுவார். மணிக்கட்டு மடங்கி, பந்து இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் தரையோடு உருண்டு போகும். முதல் பேஸில் ஆள் இருந்தால் டபுள் பிளே, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். வரலாற்றிலேயே அதிக டபுள் பிளேயில் மாட்டியவர் அவர்தான், மொத்தம் 426. அந்த உருளலைப் பார்த்தவர்கள் அது கால் சம்பந்தப்பட்டது என்று சொல்லமாட்டார்கள்.

செங்குருவி:
//2011ல் 61. 2012ல் 52.//

அதே 2011ல் 37 ஹோம் ரன் அடித்திருக்கிறாரே. அந்த வருஷ உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில், ஆர்லிங்டனில், ஒரே ராத்திரியில் மூன்று! வாக் குறைந்த பிறகும் வலு அப்படியே இருந்தது என்றுதானே அர்த்தம்? பொறுமை ஒரு கணக்கு, வலு இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதாதீர்கள்.

ஆனஹைம்வாசி:
அப்படியானால் 2012ஐ விளக்குங்கள். சீசன் தொடங்கி மே 6 வரை ஒரு ஹோம் ரன்கூட இல்லை. ஒரு மாதம் முழுக்க. அப்போது பாதத்தில் அறுவை சிகிச்சையும் இல்லை, விடுப்பும் இல்லை. புது லீக், பழக்கமில்லாத பிட்சர்கள், பெரிய ஒப்பந்தத்தின் சுமை. எல்லாப் பந்தையும் துரத்தினார். மே மாதத்துக்குப் பிறகு நிதானம் வந்ததும் அதே கால்களோடு 30 வரை போனார். கால் ஒரு மாதத்தில் கெட்டு, அடுத்த மாதத்தில் சரியாகுமா?

புதுவாசகர்:
பெரியவர்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கேள்வி. அந்த வருஷங்களில் பந்தே மாறிவிட்டது என்கிறார்களே. அது காரணமாக இருக்காதா?

செங்குருவி:
நல்ல கேள்வி, ஆனால் இவர் விஷயத்தில் எதிர்ப்பக்கம் போகும். 2014ல் எல்லா அணிகளும் சேர்ந்து அடித்தது 4,186 ஹோம் ரன். 2017ல் 6,105. 2019ல் 6,776. ஊரெல்லாம் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் இவர் மட்டும் இறங்கினார். பந்து கைகொடுத்தும் 23தான் என்றால், உண்மையான சரிவு நாம் பார்ப்பதைவிடப் பெரிது.

ஆனஹைம்வாசி:
இந்த ஒரு விஷயத்தில் செங்குருவியோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

பந்தும்பாதையும்:
இயற்பியல் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் உதவும்.

பேட்டை விட்டுக் கிளம்பும் பந்தின் வேகம் மணிக்கு ஒரு மைல் குறைந்தால், ஹோம் ரன் கோணத்தில் போகும் பந்து ஏறக்குறைய 5 அடி முன்னாலேயே விழும். மூன்று மைல் குறைந்தால் 15 அடி. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் வேலிக்கு முன்னால் ஒரு மண் பாதை இருக்கிறதே, 15 அடி என்றால் அந்தப் பாதையின் அகலம்தான். அதாவது கூட்டத்துக்குள் விழுந்த பந்தை இப்போது ஃபீல்டர் முதுகை வேலியில் சாய்த்துப் பிடித்துவிடுவான். அடித்தவனுக்குக் கையில் உணர்ந்த அடி அதேதான். விடியற்காலை செய்தித்தாளில் பூஜ்யம்.

இன்னொன்று. மணிக்கு 95 மைல் பந்து பிட்சர் கையிலிருந்து வந்து சேர ஏறக்குறைய 0.4 விநாடி. அதில் பேட்டைச் சுழற்றவே 0.15 விநாடி போய்விடும். மீதிதான் பார்ப்பதற்கும் முடிவெடுப்பதற்கும். சுழற்றும் நேரம் கொஞ்சம் நீண்டால், முடிவை அந்த அளவு முன்னால் எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் ஸ்லைடர் வளைவதற்கு முன்பே கை போய்விடும். போதாக்குறைக்கு, லீகின் சராசரி ஃபாஸ்ட்பால் 2008ல் மணிக்கு 92 மைல் அளவில் இருந்தது, 2023ல் 94ஐத் தாண்டிவிட்டது. வயதாகும் பேட்டர் மெதுவாகிறான், எதிரே வருவது வேகமாகிறது.

ஆக ஆனஹைம்வாசி சொல்லும் உருண்டு போகும் பந்தும், செங்குருவி சொல்லும் காலும் ஒரே கயிற்றின் இரண்டு முனையாக இருக்கலாம்.

ஆனஹைம்வாசி:
கயிறு சரி. எந்த முனையிலிருந்து இழுபட்டது என்பதுதான் என் கேள்வி. ஸ்ட்ரைக்அவுட்டை, அதாவது மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட்டானதைப் பாருங்கள். வாழ்நாளில் ஒரு சீசனில்கூட 100ஐத் தொடவில்லை. அறிமுகமான 2001ல் 93, மோசமான 2017லும் அதே 93. கை மெதுவானவன் பந்தைத் தவறவிடுவான். இவர் தவறவிடவில்லை, தொட்டுக்கொண்டே இருந்தார். தொடக்கூடாத பந்தையும் தொட்டார். அதுதான் சிக்கல்.

பந்தும்பாதையும்:
தொடுவதற்கு வேகம் வேண்டாமே. 93 என்ற எண் மாறாததற்குக் காரணம், அவர் தன்னைத் தகவமைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். சீக்கிரம் கிளம்பி, மெதுவான பேட்டோடு தொட்டுவிடலாம். அடி மட்டும் வலுவாக இருக்காது.

டெட்ராய்ட் தம்பி:
அண்ணன்மார்களே, எங்க ஊர் மிகேல் கப்ரேராவை மறந்துட்டீங்களே! 2012லும் 2013லும் 44 ஹோம் ரன். 2016ல் 38, சராசரி .316 (ஆயிரம் அட்-பேட்டுக்கு 316 முறை அடித்து பேஸ் சேர்ந்த கணக்கு). அடுத்த வருஷம் 16. முதுகு டிஸ்க் விலகியிருந்தது பிற்பாடுதான் வெளியே வந்தது. 2018 ஜூனில் இடது கை பைசெப்ஸ் தசைநார் அறுந்தது. 2019ல் திரும்பி வந்து .282 அடித்தார், ஆனால் ஹோம் ரன் 12தான். கண் இருந்தது, கை இருந்தது, நல்ல அடியும் விழுந்தது. முதுகைத் திருப்பி அடிக்கும் அந்த உந்துதல் மட்டும் இல்லை. இதில் நான் செங்குருவி அண்ணன் பக்கம்.

ஆனஹைம்வாசி:
தம்பி, கப்ரேரா விஷயத்தில் நான் ஒரு வார்த்தை மறுக்கமாட்டேன். அங்கே காயம்தான். அதனாலேயே எல்லோருக்கும் காயம்தான் என்று ஆகிவிடாது.

நைட்ஷிஃப்ட்:
நான் பேஸ்பால் நிபுணன் இல்லை. ஆனால் குதிகால் வலி பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. நின்றுகொண்டே பத்து மணி நேரம் வேலை. மூன்று வருஷமாக இந்த வலி.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடி இருக்கிறதே, குதிகாலில் ஆணி இறங்கினதுபோல இருக்கும். நாலு அடி நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வரும். இதில் நான் கவனித்தது வேறொன்று. வலிக்கும் என்று தெரிந்த பிறகு, வலிக்காத நாளிலும் அந்தக் காலை முழுசாக ஊன்றுவதில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெட்டி எடுக்கும்போதுகூட உடம்பு தானாகவே வேறு பக்கம் சாய்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை. முடிவு நான் எடுப்பதில்லை, பாதம் எடுக்கிறது.

புஹோல்ஸ் நிற்கும் விதத்தைப் பாருங்கள். காலை அகலமாக வைத்து, முன்கால் குதிகாலை மட்டும் லேசாகத் தூக்கி வைப்பார். பெரிய எட்டு எதுவும் கிடையாது. அவருடைய முழு வலுவும் அந்தக் குதிகால் தரையில் அழுத்தமாக இறங்கும் கணத்தில் பிறக்கிறது. வலது கை ஆட்டக்காரருக்கு அது இடது குதிகால். 2013ல் கிழிந்ததும் அதே குதிகால்.

செங்குருவி:
இதை நான் இப்படி யோசித்ததே இல்லை. நன்றி. முதலில் ஊன்றும் கால், அப்புறம் உந்தும் கால். இடது பாதம் ஆறியதும் 2014ல் 28, 2015ல் 40. அப்புறம் வலது பாதம் கத்திக்குப் போனது, எண்ணிக்கை சரிந்தது. என் கணக்கு இன்னும் கெட்டிப்படுகிறது.

ஆனஹைம்வாசி:
நைட்ஷிஃப்ட் எழுதியது மனதைத் தொட்டது, மறுக்கவில்லை. ஆனால் 2015ல் 40 அடித்தவரின் சராசரி .244. வலு முழுசாக இருந்தபோதும் பந்துத் தேர்வு திரும்பவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வலு போன பிறகு, பிடித்துக்கொள்ள அவரிடம் எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு தூண் இருந்த வீட்டில் ஒரு தூண் ஏற்கனவே போயிருந்தது. நீங்கள் இரண்டாவது விழுந்ததை மட்டும் எழுதுகிறீர்கள்.

அப்புறம், யாரும் இன்னும் 2022ஐத் தொடவில்லை. 42 வயதில் செயின்ட் லூயிஸுக்குத் திரும்பி, 307 அட்-பேட்டில் 24 ஹோம் ரன். 13க்கு ஒன்று. அவருடைய வாழ்நாள் சராசரி 16க்கு ஒன்று! பாதம் 42 வயதில் புதுசாக முளைத்ததா? இல்லை. முடிந்தபோதெல்லாம் இடது கை பிட்சர்களுக்கு எதிராக இறக்கினார்கள். பந்து அவரை நோக்கி வளைந்து வரும், பார்க்க நேரம் கிடைக்கும். கண்ணுக்கு வேலையைச் சுலபமாக்கினார்கள், வலு தானாக வந்தது.

செங்குருவி:
உங்களுடைய மிக வலுவான வாதம் இதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதி சரி. அந்த வருஷம்தான் செயின்ட் லூயிஸ் ஆடும் நேஷனல் லீகிலும் டிஎச் (ஃபீல்டிங் செய்யாமல் அடிக்க மட்டும் இறங்குபவர்) நிரந்தரமாக வந்தது. ஃபீல்டிங்கில் நிற்க வேண்டாம், தினமும் ஆட வேண்டாம், ஒரு நாள் அடித்தால் மறுநாள் ஓய்வு. மொத்தம் 109 ஆட்டம்தான். பாதத்துக்கு அதைவிட நல்ல மருந்து ஏது? ஏஞ்சல்ஸில் 2017ல் 149 ஆட்டம் ஆடினார். நம்ம நைட்ஷிஃப்ட் நண்பருக்கு வாரத்தில் மூன்று நாள் விடுப்பு கொடுத்துப் பாருங்கள்.

ஆனஹைம்வாசி:
ஓய்வு சீசன் முழுக்க இருந்ததே. சீசன் நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளை வரை 6 ஹோம் ரன்தான். பிறகுதான் 18. அதே ஓய்வு, அதே பாதம், ஆனால் பாதி சீசனில் மூன்று மடங்கு. எதையோ அவர் திரும்பப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதற்கு முந்தைய வருஷம் டாட்ஜர்ஸ் அணி இதே மாதிரி பயன்படுத்தியபோது 85 ஆட்டத்தில் 12. நீங்கள் சொல்லும் மருந்து அப்போதும் கொடுக்கப்பட்டதுதான்.

பந்தும்பாதையும்:
ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2015க்கு முன்னால் பந்தின் வேகம் இந்த அளவு பொதுவில் அளக்கப்படவில்லை. பேட் வேகம் பொதுவுக்கு வந்ததே 2024ல், அவர் ஓய்வு பெற்ற பிறகு. 2006இன் புஹோல்ஸ் எவ்வளவு வேகமாகச் சுழற்றினார் என்ற எண் நம் கையில் இல்லை. அது இருந்திருந்தால் இந்த இழை இரண்டு பதிவில் முடிந்திருக்கும்.

புதுவாசகர்:
இவ்வளவு படித்த பிறகு, 2022 செப்டம்பர் 23 ஆட்டத்தின் வீடியோவைத் தேடிப் பார்த்தேன். டாட்ஜர் ஸ்டேடியத்தில் அவருடைய 699ஆவது ஹோம் ரன்னும் 700ஆவதும். முதலாவது இடது கை பிட்சர் ஆண்ட்ரூ ஹீனியின் ஃபாஸ்ட்பால், 434 அடி. இரண்டாவது வலது கை பிட்சர் ஃபில் பிக்ஃபோர்டின் ஸ்லைடர், 389 அடி. ஆனஹைம்வாசி சார், அவரை அவ்வளவு வருஷம் படுத்தியதாக நீங்கள் சொன்னது இந்தப் பந்துதானே?

ஆனஹைம்வாசி:
அதேதான். அதனால்தான் அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊரில் அதே பந்துக்கு அவர் கை முன்னால் ஓடியது. அன்றைக்குக் காத்திருந்தார். அது கண்.

செங்குருவி:
நானும் இப்போது மெதுவாக ஓட்டி இரண்டு முறை பார்த்துவிட்டேன். காத்திருந்தது உண்மை. ஆனால் இடது குதிகாலைப் பாருங்கள். தூக்கி, வைத்து, அசையாமல் நிற்கிறது. நாளைக்கு 2017இலிருந்து ஒரு டபுள் பிளே எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன். நீங்களும் ஒன்று தேர்ந்தெடுத்துப் போடுங்கள், உங்களுக்கு மிகவும் வலித்தது எதுவோ அது.