பேட்டரி காலி, கியர் பார்க்கிலேயே நிற்கிறது: வண்டியைத் தள்ள வழி உண்டா?

கோவைவாசி:
2008 சிவிக், ஆட்டோமேட்டிக். ஐந்து வாரம் ஊரில் இல்லை. உள்விளக்கை அணைக்காமல் போய்விட்டேன், பேட்டரி சுத்தமாகக் காலி. சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அடித்தளப் பார்க்கிங்கில் வண்டிக்கு நேர் மேலே போகும் கழிவுநீர்க் குழாயை நாளைக் காலை மாற்றுகிறார்கள். அதற்குள் நகர்த்தியாக வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு இழுத்தாலும் லிவர் அசையவில்லை. முன்னால் சுவர், இருபுறமும் தூண். ஜம்பர் கேபிள் எட்டாது. உதவுங்கள்.

ராம்நகர்:
செகண்ட் கியரில் போட்டு நாலு பேர் தள்ளினால் ஸ்டார்ட் ஆகிவிடுமே?

பழைய ஒர்க்‌ஷாப்:
அது மேனுவல் வண்டிக்குத்தான் சார். ஆட்டோமேட்டிக்கில் இன்ஜின் ஓடினால்தான் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் சுற்றும். ஆயில் பிரஷர் இல்லாமல் சக்கரத்தின் சுழற்சி இன்ஜினுக்குப் போய்ச் சேராது.

தம்பி, லிவரைப் பலமாக இழுக்காதீர்கள், உடைந்துவிடும். பிரேக்கை மிதித்ததும் ஒரு சின்ன சோலனாய்டு பார்க் பூட்டை விடுவிக்கும். கரண்ட் இல்லாததால் அது வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். கையால் விடுவிக்கவும் வழி இருக்கிறது.

முதலில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிடுங்கள். இதை மட்டும் மறக்கவே கூடாது. பார்க்கை விட்டு வந்ததும் வண்டியைப் பிடித்து நிறுத்த வேறெதுவும் இல்லை. லிவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். தட்டை ஸ்க்ரூடிரைவர் முனையில் துணி சுற்றி அதை நெம்பி எடுங்கள். உள்ளே தெரியும் துளையில் சாவியை விட்டுக் கீழே அழுத்துங்கள். அழுத்தியபடியே லிவர் பட்டனையும் அமுக்கி நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் அதே சாவியை இக்னிஷனில் போட்டு ஒரு நிலை திருப்பி வையுங்கள், இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

தள்ளும்போது ஒருவர் சீட்டில் இருக்கட்டும். இன்ஜின் ஓடாததால் பிரேக் பெடல் கல் மாதிரி இருக்கும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். சரிவுப் பாதைப் பக்கம் போகவே போகாதீர்கள்.

கோவைவாசி:
அண்ணா, வந்துவிட்டது! மூடி இருப்பதே தெரியாமல் 9 வருடம் ஓட்டியிருக்கிறேன். வாட்ச்மேனும் பக்கத்து வீட்டுக்காரரும் தள்ளினார்கள், குழாய்க்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. மிக்க நன்றி.

மீனா:
எங்கள் வண்டியில் பேட்டரி நன்றாகவே இருக்கிறது, ஆனாலும் சில நாள் பார்க்கை விட்டு வருவதில்லை. இதே காரணமா?

பழைய ஒர்க்‌ஷாப்:
அம்மா, அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்து, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பிரேக் பெடல் சுவிட்ச் அல்லது அதன் ஃபியூஸ். உடனே மாற்றிவிடுங்கள். நீங்கள் பிரேக் போடுவது பின்னால் வருபவருக்குத் தெரியாது.